ஒரே கட்டளை, மூன்று விடை: ஸ்கிரிப்ட்டுகளைப் பல இயங்குதளங்களில் ஏன் சோதிக்க வேண்டியிருக்கிறது?

2025 அக்டோபரில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 25.10 பதிப்பு வெளிவந்தது. சில நாட்களிலேயே அதில் ஒரு கோளாறு தெரியவந்தது. தானாகப் புதுப்பிப்புகளைத் தேடும் வேலை சில கணினிகளில் சத்தமில்லாமல் நின்றுபோயிருந்தது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. பயனர் தன் கையால், மென்பொருளை நிறுவவும் புதுப்பிக்கவும் உதவும் ஆப்ட் கட்டளையை இட்டால் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தானியங்கி வேலை மட்டும் நாள்தோறும் எழுந்து, கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் நேரமாகவில்லை" என்று மறுபடியும் படுத்துக்கொண்டது.

கோளாறு, தேதியையும் நேரத்தையும் சொல்லும் 'டேட்' கட்டளையில் இருந்தது. இது போன்ற அடிப்படைக் கட்டளைகள் அடங்கிய, பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வந்த குனூ கோர்யூட்டில்ஸ் தொகுப்புக்குப் பதிலாக, ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதப்பட்ட யூயூட்டில்ஸ் தொகுப்பை உபுண்டு அந்தப் பதிப்பில்தான் இயல்பிருப்பாக வைத்தது. உடனே விவாதம் மொழியின் பக்கம் திரும்பிவிட்டது: ரஸ்ட் நல்லதா, சி நல்லதா? நடந்ததில் மொழிக்குப் பெரிய பங்கில்லை. ஒரு பெயரில் இருந்த நிரலை எடுத்துவிட்டு, அதே பெயரில் வேறொரு நிரலை வைத்தார்கள். பழையதை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட் ஏமாந்தது. லினக்ஸ், மேக்ஓஎஸ், விண்டோஸ் மூன்றிலும் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட்டைக் கட்டிக்காப்பவர்களுக்கு இது அன்றாடப் பாடு.

## முதலில் சில சொற்கள்

1. ஸ்கிரிப்ட்: ஷெல்லுக்குக் கொடுக்கும் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த உரைக்கோப்பு. அதில் பாதி வேலையை ஸ்கிரிப்ட் செய்வதில்லை. 'டேட்', 'செட்', 'கிரெப்' போன்ற வெளி நிரல்களைக் கூப்பிட்டுச் செய்விக்கிறது. சிக்கலின் வேர் இதுதான்.

2. ஷெல்: ஸ்கிரிப்ட்டைப் படித்து நடத்தும் நிரல். பாஷ், டாஷ், இசட்ஷெல், பிசிபாக்ஸின் ஆஷ் எனப் பல உண்டு.

3. முடிவு எண்: ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச்செல்லும். 0 என்றால் வெற்றி, வேறு எண் என்றால் தோல்வி.

4. சிஐ எனப்படும் தொடர் ஒருங்கிணைப்பு: ஒருவர் நிரலில் மாற்றம் செய்து கிட் களஞ்சியத்துக்கு (நிரலின் மாற்றங்களைச் சேர்த்துவைக்கும் இடம்) அனுப்பிய உடனே, எங்கோ இருக்கும் ஒரு சேவையகம் அதை எடுத்துச் சோதனைகளை ஓட்டி, பச்சை அல்லது சிவப்புக் குறி போடும் ஏற்பாடு. ஜென்கின்ஸ், கிட்லேப், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் எல்லாம் இந்த வகை.

5. ரன்னர்: அந்தச் சோதனை உண்மையில் ஓடும் கணினி. பெரும்பாலும் மெய்நிகர் கணினி. வேலை முடிந்ததும் அழிக்கப்பட்டுவிடும்.

6. மேட்ரிக்ஸ்: ஒரே சோதனையை, இயங்குதளம், பதிப்பு என்ற பல அச்சுகளில் பெருக்கி ஓட்டும் பட்டியல். மூன்று இயங்குதளம், இரண்டு ஷெல் என்றால் ஆறு ஓட்டங்கள்.

## 'ஆர்' என்ற ஓர் எழுத்து

உபுண்டு விவகாரத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஆப்டின் தினசரி வேலையைச் செய்வது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். சென்ற முறை எப்போது புதுப்பிப்புத் தேடினோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள அது ஒரு வெற்றுக்கோப்பைப் பயன்படுத்துகிறது. கோப்புக்குள் ஒன்றும் இருக்காது. அது கடைசியாகத் தொடப்பட்ட நேரம்தான் செய்தி. 'டேட்' கட்டளைக்கு 'ஆர்' என்ற தெரிவையும் (கட்டளையின் போக்கை மாற்ற அதோடு சேர்க்கும் எழுத்து) கோப்பின் பெயரையும் கொடுத்தால் அந்த நேரம் கிடைக்கும். இன்றைய தேதியிலிருந்து அதைக் கழித்து, வித்தியாசம் குறித்த இடைவெளியை எட்டியிருந்தால் தேடல் தொடங்கும். இல்லையென்றால் ஸ்கிரிப்ட் அமைதியாக வெளியேறும்.

புதிய 'டேட்' அந்தத் தெரிவை மறுக்காமல் வாங்கிக்கொண்டது. ஆனால் அதன்படி எதுவும் செய்யவில்லை. கோப்பின் நேரத்துக்குப் பதிலாக இந்த நொடியின் நேரத்தைச் சொன்னது. இன்றிலிருந்து இன்றைக் கழித்தால் பூச்சியம். பூச்சியம் ஒருநாளும் இடைவெளியை எட்டாது. கட்டளை வெற்றி, முடிவு எண் 0, பதிவேடு சுத்தம், புதுப்பிப்பு மட்டும் இல்லை. பாதுகாப்புத் திருத்தங்களும் இதே வழியாகத்தான் வருகின்றன என்பதால் இது சின்ன விஷயமும் இல்லை.

இந்த 'ஆர்' முன்பும் ஒருமித்த பொருள் கொண்டதாக இருந்ததில்லை. 'டேட்' கட்டளைக்கு 'ஆர்' தெரிவோடு 0 என்று கொடுத்துப் பாருங்கள். மேக்ஓஎஸ்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்திலும் அது 0 என்பதை நொடிக்கணக்காக எடுத்துக்கொண்டு 1970 ஜனவரி 1 என்று விடை தரும்; இந்திய நேரத்தில் அமைந்த கணினி என்றால் காலை 5:30 என்று காட்டும். குனூ 'டேட்' "0" என்ற பெயரில் ஒரு கோப்பைத் தேடி, கிடைக்காமல் பிழை சொல்லும். உபுண்டு 25.10இன் முதல் நாட்களில் இருந்த 'டேட்' போல, வாங்கிய தெரிவைக் கண்டுகொள்ளாத ஒன்று இப்போதைய நேரத்தைச் சொல்லிவிட்டுப் போகும்.

மூன்றில் குனூவின் விடைதான் பயன்படுத்துபவருக்கு நல்லது. அது கத்துகிறது. கத்தினால் சிஐ பிடித்துவிடும். தவறாக எண்ணிவிட்டு வெற்றி என்று சொல்லும் கட்டளையை, எத்தனை ரன்னர்களில் ஓட்டினாலும் அதுவாகப் பிடிபடாது.

## இந்த வேறுபாடுகள் எங்கிருந்து வந்தன

வரலாறு சுருக்கமானது. யூனிக்ஸ் 1969இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கியது. பெர்க்லி பல்கலைக்கழகம் தன் கிளையை வளர்த்தது. மேக்ஓஎஸ்ஸின் கட்டளைகள் பெருமளவு அந்தக் குடும்பம். 1983இல் அறிவிக்கப்பட்ட குனூ திட்டம் எல்லாவற்றையும் புதிதாக எழுதி, வசதிகளைத் தாராளமாகச் சேர்த்தது. லினக்ஸ் அதை எடுத்துக்கொண்டது. 1988 முதல் போசிக்ஸ் என்ற பொதுத் தரம் இருக்கிறது. ஆனால் அது பொதுவாக இருந்தவற்றை எழுதிவைத்த ஆவணம். ஒவ்வொருவரும் தத்தம் பக்கம் சேர்த்துக்கொண்ட வசதிகள் அதற்கு வெளியே நிற்கின்றன. நாம் தினமும் கைப்பழக்கமாக எழுதுவது அந்த வெளியே நிற்பவற்றைத்தான்.

அடிக்கடி இடறும் இடங்கள்:

1. 'செட்' கட்டளையின் 'ஐ' தெரிவு. கோப்பை இருந்த இடத்திலேயே திருத்த இதைப் போடுவார்கள். போசிக்ஸில் இது கிடையாது. குனூவில் அதற்குப் பின், பழைய கோப்பின் நகலுக்குப் பெயரில் சேர்க்கும் பின்னொட்டு வேண்டியதில்லை, மேக்ஓஎஸ்ஸில் கட்டாயம். அதனால் லினக்ஸில் எழுதிய வரி மேக்கில் ஓடும்போது, திருத்த வேண்டிய வாசகத்தைப் பின்னொட்டாகவும், கோப்பின் பெயரைத் திருத்தக் கட்டளையாகவும் படித்துத் தடுமாறும். இன்னும் வேடிக்கை, 'ஐ'க்கு அடுத்து 'ஈ' தெரிவையும் தனியாகப் போட்டிருந்தால் வேலை ஒழுங்காக முடியும். கூடவே, பெயரின் கடைசியில் "-ஈ" ஒட்டிய ஒரு நகல்கோப்பு அநாதையாகக் கிடக்கும். இப்படிப்பட்ட கோப்புகள் களஞ்சியத்துக்குள்ளேயே நுழைந்துவிடுவதும் உண்டு. பின்னொட்டை இடைவெளியின்றி 'ஐ'யோடு ஒட்டி எழுதி, பிறகு அந்த நகலை அழித்துவிடுவது இரண்டு குடும்பத்துக்கும் பொருந்தும் வழி.

2. பாஷின் வயது. மேக்ஓஎஸ்ஸோடு வரும் பாஷ் இன்றும் 3.2 வரிசைதான். அடுத்த பதிப்பின் உரிமம், நிபந்தனைகள் கூடிய ஜிபிஎல் 3க்கு மாறியதால் ஆப்பிள் அங்கேயே நின்றுவிட்டது. 2019இல் இயல்பு ஷெல்லையே இசட்ஷெல்லாக மாற்றிக்கொண்டது. பெயரைச் சாவியாகக் கொண்ட அணிகள் பாஷ் 4இல் வந்தவை. அவற்றை நம்பிய ஸ்கிரிப்ட் மேக்கில் படுத்துவிடும்.

3. 'எஸ்ஹெச்' என்ற பெயரில் இருப்பது யார்? உபுண்டுவில் 2006 முதல் அது டாஷ். ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸில் பிசிபாக்ஸின் ஆஷ். அங்கே பாஷ் இயல்பாக இருப்பதே இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் பாஷைத் தனியாக நிறுவினால் அது வேறு அடைவில் போய் உட்காரும். ஆகவே முதல் வரியில் பாஷின் முழுப் பாதையை எழுதாமல், 'என்வ்' நிரலிடம் தேடச் சொல்வது வழக்கமாயிற்று.

4. வரிமுடிவு. விண்டோஸில் வரி இரண்டு குறியோடு முடியும், யூனிக்ஸில் ஒன்றோடு. விண்டோஸில் கிட் கோப்பை எடுக்கும்போதே மாற்றிவிடக்கூடும். அந்த ஸ்கிரிப்ட் லினக்ஸ் கன்டெய்னருக்குள் (தனித்து ஓடும் சிறு லினக்ஸ் சூழல்) போனால், முதல் வரியில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத குறியையும் சேர்த்து ஒரு ஷெல்லைத் தேடும், கிடைக்காது. பிழைச்செய்தியைப் படிப்பவருக்கோ பாஷ் அங்கேதானே இருக்கிறது என்று தோன்றும். கிட்டின் பண்புக்கோப்பில் ஸ்கிரிப்ட்டுகளுக்கு யூனிக்ஸ் வரிமுடிவு என்று ஒரே வரி எழுதினால் இது தீர்ந்தது.

5. எண்ணிக்கைக்கு முன் இடைவெளி. வரிகளை எண்ணும் கட்டளை மேக்கில் எண்ணுக்கு முன்னால் சில இடைவெளிகளைவிட்டு எழுதும். எழுத்துச்சரமாக ஒப்பிட்டால் "5"உம் "       5"உம் வேறு வேறு.

6. பெரிய எழுத்து, சிறிய எழுத்து. மேக்கும் விண்டோஸும் இயல்பாகக் கோப்புப்பெயரில் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. லினக்ஸ் கருவின் மூலநிரலிலேயே அந்த ஒரு வேறுபாட்டால் மட்டும் பிரியும் கோப்பு இணைகள் உண்டு. மேக்கில் அதைப் பிரதியெடுத்தால் இணையில் ஒன்று காணாமல் போகும்.

## தமிழ்க் கோப்புப்பெயர் என்ற நல்ல சோதனை

மேலே ஆறாவதாகச் சொன்னது ஆங்கில எழுத்துக்கான சிக்கல். தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. நமக்கென்று ஒன்று இருக்கிறது.

யூனிகோடில் 'ஒ'காரக் குறி 'ொ'வுக்குத் தனி இடம் உண்டு. அதையே 'ெ', 'ா' என்ற இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. 'ோ', 'ௌ' குறிகளும் இப்படித்தான். "கோப்பு" என்ற சொல்லைச் சேர்ந்த வடிவில் எழுதினால் 6 குறிகள், யூடிஎஃப்-8இல் 18 பைட். பிரித்த வடிவில் 7 குறிகள், 21 பைட். கண்ணுக்கு அதே "கோப்பு".

இதை இயங்குதளங்கள் எப்படி நடத்துகின்றன?

1. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகள் பைட்டை மட்டும் பார்க்கும். 18 பைட் "கோப்பு", 21 பைட் "கோப்பு" இரண்டும் ஒரே அடைவில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம்.

2. மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ், நாம் கொடுத்த பெயரைத் தானே பிரித்த வடிவாக மாற்றிச் சேமிக்கும். 18 கொடுத்தால் 21 திரும்பி வரும்.

3. 2017 முதல் வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்த வடிவை அப்படியே வைத்திருக்கும். ஆனால் இரண்டும் ஒரே பெயர் என்று கருதும். இரண்டாவது கோப்பை எழுதினால் முதலாவதன் மேல் எழுதப்படும்.

பழைய மேக்கில் அடைத்த ஒரு தொகுப்பை லினக்ஸ் சேவையகத்தில் விரித்து, "தொகுப்பு" என்ற அடைவுக்குள் போகச் சொன்னால் "அப்படி ஒன்று இல்லை" என்ற பதில் வரும். பட்டியலில் கண்ணெதிரே அது இருக்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர்களுக்கு இந்தப் பிழை தட்டுப்படவே வாய்ப்பில்லை. சோதனைத் தரவில் 'ொ' அல்லது 'ோ' வரும் ஒரு தமிழ்ப் பெயரையும், நடுவில் இடைவெளி வரும் ஒரு பெயரையும் சேர்த்துவிட்டால், மேற்கோள் குறி போட மறந்த இடங்களும் சேர்ந்து வெளிவரும்.

## மேட்ரிக்ஸ் வேலை செய்யும் விதம்

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் உபுண்டு, மேக்ஓஎஸ், விண்டோஸ் என்று மூன்று பெயரைப் பட்டியலிட்டால் மூன்று ரன்னர்கள் எழும்பும். ஒரு வேலை ஓட்டத்தில் இப்படி 256 வரை பெருக்கலாம். எழுதுவது சுலபம். ஆனால் இயல்பாக இருக்கும் சில அமைப்புகள் ஸ்கிரிப்ட் சோதனைக்கு எதிராகவே வேலை செய்கின்றன.

1. ஒன்று தோற்றால் மற்றவை ரத்து. காசையும் நேரத்தையும் மிச்சப்படுத்த இப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் மேக்கில் மட்டும் தோற்கிறதா, எல்லாவற்றிலுமா என்பதுதான் இங்கே கேள்வியே. இந்த அமைப்பை முதலில் அணைத்துவிட வேண்டும்.

2. விண்டோஸ் ரன்னரின் இயல்பு ஷெல் பவர்ஷெல். பாஷ் வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினால் கிட்டோடு வரும் பாஷ் கிடைக்கும். அது சாய்கோட்டில் தொடங்கும் எதையும் கோப்புப் பாதை என்று நினைத்து விண்டோஸ் பாதையாக மாற்றும் பழக்கம் உடையது. கட்டளைக்கு வெறும் உள்ளீடாக அனுப்பிய சொல், நிரல்கள் நிறுவப்பட்ட அடைவின் முழு முகவரியாக உருமாறிப் போய்ச்சேரும்.

3. குழாய்த்தொடரின் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் வரிசை) முடிவு எண். இதில் ஏமாந்தவர்கள் நிறைய. சோதனையின் வெளியீட்டைப் பதிவுக்கோப்பில் சேர்க்க 'டீ' நிரலுக்குக் குழாய் வைப்பார்கள். இயல்பில் தொடரின் கடைசிக் கட்டளையின் எண்தான் கணக்கு. சோதனை தோற்றாலும் 'டீ' வெற்றி பெற்றுவிடும். பச்சைக் குறி விழும். 'பைப்ஃபெயில்' என்ற அமைப்பு இதைத் தடுக்கும். ஆக்‌ஷன்ஸில் ஷெல்லைக் குறிப்பிடாமல் விட்டால் லினக்ஸில் பாஷ்தான் ஓடும், ஆனால் 'பைப்ஃபெயில்' இல்லாமல். "ஷெல்: பாஷ்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அதோடு சேர்த்தே ஓடும். இரண்டும் ஒன்றுதானே என்று அந்த வரியை அழித்தவர் சோதனையையே அழித்துவிட்டார்.

4. ரன்னர் சாதாரணக் கணினி இல்லை. பல கருவிகள் முன்கூட்டியே நிறுவப்பட்ட படிமம் அது. ஜேசன் தரவைப் படிக்கும் 'ஜேக்யூ' கருவி இல்லாமல் ஸ்கிரிப்ட் ஓடாது என்ற உண்மை அங்கே தெரியாது, ஏனென்றால் 'ஜேக்யூ' ஏற்கெனவே இருக்கிறது. ஆல்பைன் கன்டெய்னரில் ஒரு முறை ஓட்டினால் தெரிந்துவிடும். என் கணக்கில், மேட்ரிக்ஸில் நான்காவதாகச் சேர்க்க இதைவிட மலிவான, பயனுள்ள இடம் இல்லை.

## எதைச் சரிபார்ப்பது

உபுண்டு கதைக்குத் திரும்புவோம். அந்தத் தினசரி ஸ்கிரிப்ட்டை 25.10 கன்டெய்னரில் ஓட்டி, முடிவு எண் 0தானா என்று மட்டும் பார்த்திருந்தால் பச்சைதான் விழுந்திருக்கும். பிழையைப் பிடித்திருக்கக்கூடிய சோதனை இப்படி இருக்கும்:

1. நேரம் காட்டும் அந்த வெற்றுக்கோப்பை உருவாக்கி, அதன் நேரத்தை 2020 ஜனவரி 1 என்று வை.

2. ஸ்கிரிப்ட்டை ஓட்டு. "தேடு" என்று முடிவெடுக்க வேண்டும்.

3. கோப்பின் நேரத்தை இப்போதைக்கு மாற்றி மறுபடி ஓட்டு. "தேடாதே" என்று முடிவெடுக்க வேண்டும்.

மூன்றாவது படி மட்டும் இருந்தால் உடைந்த 'டேட்'கூடத் தேறிவிடும். எப்போதும் "இல்லை" என்பவன் "இல்லை" என்ற விடைக்கு மதிப்பெண் வாங்குவது போல. இரண்டு பக்கமும் கேட்டால்தான் பொய் தெரியும்.

முதல் படியிலும் ஒரு குழி உண்டு. 'டச்' கட்டளையிடம் "இரண்டு நாளுக்கு முன்" என்று சொல்லும் வசதி குனூவுக்கு உரியது. மேக்கில் ஸ்கிரிப்ட் சரியாக இருந்தாலும் சோதனை தோற்கும். எண்களால் தேதி கொடுக்கும் 'டி' தெரிவு போசிக்ஸில் இருக்கிறது, எங்கும் ஓடும்.

ஓட்டாமலேயே பிடிக்கக்கூடியவையும் உண்டு. ஷெல்செக் என்ற கருவி ஸ்கிரிப்ட்டைப் படித்தே, மேற்கோள் குறி விட்டுப்போன இடத்தையும், 'எஸ்ஹெச்' என்று சொல்லிவிட்டுப் பாஷின் தொடரை எழுதிய இடத்தையும் காட்டும். ஆனால் 'செட்'டும் 'டேட்'டும் அந்தக் கணினியில் யாருடையவை என்று அதற்குத் தெரியாது. ஆகவே அதை முதலில், மலிவாக, லினக்ஸில் ஒரே ஒரு முறை ஓட்டினால் போதும். மேட்ரிக்ஸ் அதற்குப் பிறகு.

திருத்தும்போதும் ஒரு பழக்கம் உதவும். "மேக் என்றால் இப்படி, லினக்ஸ் என்றால் அப்படி" என்று இயங்குதளத்தின் பெயரைக் கேட்டுப் பிரிக்கும் ஸ்கிரிப்ட், மேக்கில் குனூ கருவிகளை நிறுவியவரிடம் தோற்கும், 25.10இலும் தோற்றிருக்கும், அதுவும் லினக்ஸ்தானே. ஒரு சிறு கேள்வியைக் கட்டளையிடமே கேட்டு, விடையைப் பார்த்து வழியைத் தேர்வது மேல். 1991இல் வந்த ஆட்டோகான்ஃப் இதைத்தான் செய்தது, மூலநிரலைத் தொகுக்கும் முன் திரையில் ஓடும் "இருக்கிறதா... ஆம்" வரிகள் அந்தக் கேள்விகள்.

## செலவும், நகரும் பெயர்களும்

பொதுக் களஞ்சியங்களுக்குக் கிட்ஹப்பின் வழக்கமான ரன்னர்கள் இலவசம். தனியார் களஞ்சியங்களில் பல ஆண்டுகள் இருந்த கணக்கு: விண்டோஸில் ஒரு நிமிடம் 2 நிமிடமாகவும், மேக்ஓஎஸ்ஸில் ஒரு நிமிடம் 10 நிமிடமாகவும் கழியும். மூன்றிலும் 6 நிமிடம் ஓடும் சோதனைக்கு 6, 12, 60 என மொத்தம் 78. அதில் 60 மேக்குக்கு மட்டும். ஆப்பிளின் உரிமம், மேக்ஓஎஸ்ஸை ஆப்பிள் வன்பொருளில் மட்டுமே மெய்நிகராக ஓட்ட அனுமதிப்பது இதற்கு ஒரு காரணம். லினக்ஸை ஒவ்வொரு மாற்றத்துக்கும், மேக்கை இணைப்புக்கு முன் மட்டும் ஓட்டுவது பல குழுக்கள் கண்ட நடுவழி.

விலையைவிடத் தொல்லையானது பெயர். ரன்னர் பட்டியலில் "மேக்ஓஎஸ் லேட்டஸ்ட்", "உபுண்டு லேட்டஸ்ட்" என்று எழுதுவார்கள். அந்தப் பெயர் குறிக்கும் கணினி மாறிக்கொண்டே இருக்கும். 2024இல் "மேக்ஓஎஸ் லேட்டஸ்ட்" இன்டெல் சில்லிலிருந்து ஆப்பிள் சில்லுக்கு நகர்ந்தது. மேக்கில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூ, இன்டெல் மேக்கில் நிறுவும் அடைவு ஒன்று, ஆப்பிள் சில்லில் வேறொன்று. பாதையை முழுசாக எழுதிவைத்த ஸ்கிரிப்ட்டுகள், ஒரு வரிகூட மாற்றாமலே சிவந்தன.

பதிப்பு எண்ணைக் குறித்து நிறுத்திவைத்தால் இப்படித் திடுக்கிட வேண்டியதில்லை. ஆனால் பழைய பதிப்புகளும் ஒருநாள் நீக்கப்படும். உபுண்டு 20.04 ரன்னர் 2025 ஏப்ரலில் நீக்கப்பட்டது. பயன்படும் ஏற்பாடு இரண்டையும் வைப்பது: மாற்றங்களைத் தடுக்கும் அதிகாரம் குறித்த பதிப்புக்கு, "லேட்டஸ்ட்" வாரம் ஒரு முறை தனியாக ஓடட்டும், தோற்றால் சொல்லட்டும், யாரையும் தடுக்க வேண்டாம்.

கிட்ஹப் தரும் உபுண்டு படிமங்கள் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் மட்டுமே. 25.10 அந்தப் பட்டியலுக்கு வருவதில்லை. யூயூட்டில்ஸோடு தங்கள் ஸ்கிரிப்ட் ஒத்துப்போகிறதா என்று பார்க்க நினைப்பவர்கள், அந்த வாராந்தர ஓட்டத்தில் 25.10 கன்டெய்னர் ஒன்றைச் சேர்த்து, 'டேட்' 'ஆர்' சோதனையின் இரண்டு பக்கத்தையும் அதில் போட்டுவிடலாம். பத்து வரிக்குள் அடங்கும்.